நிலத்தின் அடியில் இருப்பது யாருடையது?



நமது மஸ்ஜிதுகளில் விளக்குகள் எரிகின்றன. வீடுகளில் மின்விசிறிகள் சுழல்கின்றன. அம்மின்சாரத்தில் ஒரு பங்கு கடலூர் மாவட்டம் நெய்வேலியின் மண்ணுக்கு அடியிலிருந்து வருகிறது. தமிழகம் மட்டுமன்றிப் புதுச்சேரி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகியனவும் அதில் பங்கு பெறுகின்றன. அந்த மண்ணின் மேல் முந்திரியும் பலாவும் நெல்லும் விளைவித்து வாழ்ந்த குடும்பங்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டு விலகின. கரியை எரிப்பதைக் குறைத்து, சூரிய ஒளியிலும் காற்றிலும் மின்சாரம் எடுக்க வேண்டும் என்று இன்று உலகம் பேசுகிறது. 2070ஆம் ஆண்டிற்குள் நிகரக் கரியுமிழ்வைப் பூஜ்யமாக்குவதாக 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியாவும் வாக்களித்துள்ளது.

கரியின் காலம் முடிவை நோக்கிச் செல்லும்போது, அந்தக் கரிக்காக நிலம் கொடுத்தவர்களின் கணக்கை முடிப்பது யார்? அந்த நிலத்தின் அடியில் இருந்தது முதலில் யாருடையது? நாட்டின் சட்டம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. நமது ஃபிக்ஹு நூல்களும் இதை விரிவாகவே ஆராய்ந்துள்ளன. இவ்விரண்டையும் நெய்வேலியை முன்வைத்துக் காண்போம்.

கிணற்றில் வந்த கரி

1930களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது, நீரோடு கறுத்த பொருளொன்று மேலே வந்தது. அது எரியும் தன்மை உடையது என்பதை அவர் உணர்ந்து அரசுக்குத் தெரிவித்தார். பின்னாளில் தமது நிலத்தில் 600 ஏக்கருக்கும் மேல் வழங்கிய அவருக்கு நெய்வேலியில் சிலை உண்டு. 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் கரிப்படிவம் வெளியே தெரிந்தது. 1962இல் சோவியத் நாட்டின் உதவியோடு அமைந்த முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. மரங்கள் அடர்ந்த வீதிகளுடன், எண்ணிட்ட வட்டங்களாகப் பிரிக்கப்பட்ட நகரியம் எழுந்தது. 2016 முதல் அந்நிறுவனத்தின் பெயர் என்.எல்.சி. இந்தியா லிமிடெட்.

இது திறந்தவெளிச் சுரங்கம். சுரங்கப்பாதை குடைந்து உள்ளே சென்று கரியை மட்டும் எடுத்து வருவதில்லை. மேலிருக்கும் மண் முழுவதையும் வாரி அப்புறப்படுத்திய பிறகே கரியை அடைய முடியும். ஒரு டன் கரிக்கு ஐந்து கனமீட்டருக்கும் மேற்பட்ட மண்ணை அகற்ற வேண்டும். ஆகவே மேல்நிலத்தை ஒருவர் வைத்துக்கொண்டு அடிநிலத்தை மட்டும் மற்றவர் பயன்படுத்துவது என்பது இங்கே நடவாத காரியம்.

மற்றொன்று, நீர். கரிப்படிவத்திற்குக் கீழே நீர் நிறைந்த மணற்படுகை ஒன்று இருக்கிறது. அது சதுர சென்டிமீட்டருக்கு ஆறு முதல் எட்டுக் கிலோ வரையிலான அழுத்தத்தோடு மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. மேலே இருந்த மண்ணின் பாரம் நீங்கினால், அந்நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு பொங்கும். அதைத் தடுக்க இரவு பகலாகக் குழாய்க் கிணறுகளால் நீரை இறைத்து, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நெய்வேலியில் கரி எடுப்பது என்பது நீர் எடுப்பதும் ஆகும். கரிக்குக் கணக்கு உண்டு; ராயல்டி உண்டு. நீரின் கணக்கைப் பின்னர் பார்ப்போம்.

நாட்டின் சட்டம் சொல்வது

நிலத்தின் அடியிலுள்ள கனிமம் அனைத்தும் அரசுக்கே சொந்தம் என்று நம்மில் பலரும் எண்ணுகிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பழைய சென்னை மாகாணத்தின் பகுதியாயிருந்த மலபாரைச் சேர்ந்த நில உடைமையாளர்கள் தொடுத்த வழக்கில், 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கனிமம் முழுவதும் அரசின் உடைமை என்று அறிவிக்கும் சட்டம் ஏதும் இல்லை. முறையான சட்ட வழியில் பறிக்கப்படாத வரை, அடிநில உரிமை மேல்நிலத்தின் உரிமையைத் தொடர்ந்தே செல்லும் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆயினும் உரிமை வேறு, தோண்டும் அனுமதி வேறு. 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் கீழ்க் குத்தகை பெறாமல் எவரும் கனிமத்தை எடுத்துவிட முடியாது. சொந்தம் என்பார்கள், தொட விடமாட்டார்கள்!

நிலத்தை அரசு கையகப்படுத்தும்போது இழப்பீடு கணக்கிடப்படுவது, பெரும்பாலும் அவ்வட்டாரத்தில் நிலங்கள் பத்திரப்பதிவு ஆன விலையைக் கொண்டே. மானாவாரி முந்திரிக்காடு என்றால் மானாவாரி நிலத்தின் விலை. அதன் அடியில் பல மீட்டர் கனத்தில் கரி கிடப்பது அந்த விலையில் தெரிவதில்லை. அந்தக் கரியின் மதிப்பிலிருந்து ராயல்டி மாநில அரசுக்குச் செல்கிறது. இலாபம் நிறுவனத்திற்கும் அதன் பெரும் பங்குதாரரான மத்திய அரசுக்கும் செல்கிறது. நிலம் கொடுத்தவருக்குக் கரியில் பங்கு என்று தனியாக எதுவும் இல்லை.

மாநிலத்திற்கும் மத்திக்கும் இடையிலான பங்கீட்டில் அண்மையில் பெரும் மாற்றம் ஒன்று நேர்ந்தது. ராயல்டி ஒரு வரி என்றும், அதன்மேல் மாநிலம் வேறு வரி விதிக்கலாகாது என்றும் 1989இல் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்திற்கும் தமிழ்நாடு அரசுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், அதை மாற்றியது. ராயல்டி வரியன்று, கனிம உரிமைகள் மீது வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று தீர்ப்பாயிற்று. அதைத் தொடர்ந்து அவ்வாண்டின் இறுதியிலேயே தமிழகச் சட்டப்பேரவை கனிமம் உள்ள நிலங்களுக்கான வரிச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த வரியில் எவ்வளவு சுரங்கத்தை ஒட்டிய ஊர்களுக்குத் திரும்ப வரும் என்பதே அவ்வூர் மக்கள் கேட்க வேண்டிய கேள்வி.

ஃபிக்ஹு நூல்களில் சுரங்கம்

அடிநிலச் செல்வம் பற்றி நமது முன்னோர் வகுத்த சட்டங்கள் இவ்விடத்தில் பயன் தருவனவாகும். அப்யள் பின் ஹம்மால் (ரலி) அவர்கள் யமனின் மஃரிப் பகுதியிலுள்ள உப்புச் சுரங்கத்தைத் தமக்கு வழங்குமாறு நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள், அண்ணலாரும் வழங்கினார்கள். அவ்வமயம் அங்கிருந்த ஒருவர், அது வற்றாத ஊற்று நீரைப் போன்றது, வருவோர் போவோர் எல்லாம் எடுத்துச் செல்வது என்று எடுத்துச் சொன்னார். அதைக் கேட்டதும் நபியவர்கள் அந்த மானியத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இந்நிகழ்ச்சி அபூதாவூது, திர்மிதீ ஆகிய ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. பொதுமக்கள் அனைவரும் நம்பியிருக்கும் ஒன்றைத் தனியொருவரின் கையில் கொடுக்கலாகாது என்ற சட்டத்தை இமாம்கள் இதிலிருந்தே எடுத்தனர்.

ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் கனிமங்களை இரு வகையாகப் பிரிக்கின்றன. உப்பு, கந்தகம், நிலத்தெண்ணெய் போல வெளிப்படையாகக் கிடைப்பவை ஒரு வகை. அவற்றில் மக்கள் அனைவரும் பங்காளிகள். தங்கம், வெள்ளி, இரும்பு போலத் தோண்டி உழைத்து எடுக்க வேண்டியவை மற்றொரு வகை. மாலிகீ மத்ஹபின் பிரபலமான கருத்து, எவருடைய நிலத்தில் கிடைத்தாலும் சுரங்கத்தின் நிர்வாகம் ஆட்சியாளரிடமே இருக்க வேண்டும், அவர் அதைப் பொதுநலனுக்காக நடத்த வேண்டும் என்பதாகும். அக்காலத்து ஃபகீஹ்கள் அனல்மின் நிலையத்தைக் கண்டதில்லை. எனினும் ‘பொதுநலன்’ என்ற சொல்லுக்கு அவர்கள் வரம்பு கட்டியிருந்தார்கள்.

பிலால் பின் அல்ஹாரித் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கபலிய்யா சுரங்கங்களை எழுதிக் கொடுத்தபோது, வேறெந்த முஸ்லிமின் உரிமையும் அதில் வழங்கப்படவில்லை என்பதும் அந்த எழுத்திலேயே சேர்க்கப்பட்டது. (இவர் முஅத்தினான பிலால் (ரலி) அவர்கள் அல்லர், முஸைனா குலத்தவர்.) இவருக்கே அகீக் நிலமும் வழங்கப்பட்டிருந்தது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தமது ஆட்சியில் அவரை அழைத்து, பயன்படுத்த முடிந்த அளவை வைத்துக்கொண்டு எஞ்சியதைத் திருப்பித் தருமாறு பணித்தார்கள். கொடுத்தவர் நபியவர்கள், பெற்றவர் நபித்தோழர். அப்படியிருந்தும், பயன்படாமல் கிடந்த நிலம் மக்களிடம் திரும்பியது. இந்நிகழ்ச்சியை மனத்தில் இருத்திக்கொண்டு 2023க்கு வருவோம்.

வளையமாதேவியின் வயல்

2023 ஜூலை இறுதியில், சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், இரண்டாம் சுரங்கத்தின் விரிவாக்கத்திற்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய் வெட்டும் பணி தொடங்கியது. கதிர் விடும் பருவத்தில் இருந்த நெற்பயிரின் மீது மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. அக்காட்சியைத் தமிழகமே பார்த்தது. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது, இழப்பீடும் நிர்ணயிக்கப்பட்டது, ஆகையால் அது எங்களுடையது என்பது நிறுவனத்தின் வாதம். இத்தனை ஆண்டுகள் நிலம் எங்கள் கையில்தான் இருந்தது, நாங்கள்தான் பயிரிட்டோம் என்பது விவசாயிகளின் வாதம்.

இத்தனை ஆண்டுகள் காத்திருந்தவர்கள் அறுவடை முடியும்வரை இரண்டு மாதங்கள் காத்திருக்கக் கூடாதா என்று சென்னை உயர் நீதிமன்றம் கேட்டது. சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்கவும் உத்தரவிட்டது. சட்டப்படி நிலம் நிறுவனத்தினுடையதே என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. சட்டம் ஒருவருக்கு உரிமை தரலாம்; அந்த உரிமையை எப்போது, எப்படிப் பயன்படுத்துவது என்பதில் நீதி தனியாக இருக்கிறது.

இங்குள்ள மனக்குறையின் வேர், ஆண்டுக்கு ஆண்டு மாறிய இழப்பீடு. பழைய 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்தில் நிலம் கொடுத்தவர் பெற்றது ஒன்று. பிந்திய ஆண்டுகளில் பக்கத்து வயலுக்குக் கிடைத்தது பல மடங்கு. 2013இல் நாடாளுமன்றம் நியாயமான இழப்பீட்டுக்கென்று புதிய சட்டம் இயற்றியது. கிராமப்புற நிலத்தின் சந்தை விலையை இரண்டு மடங்கு வரை உயர்த்திக் கணக்கிட்டு, அதற்குச் சமமான ஆறுதல் தொகையும் சேர்த்துத் தரவேண்டும் என்றது. கையகப்படுத்தும் முன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்றும் விதித்தது.

ஆனால் தமிழகத்தில் பெருந்தொழில்களுக்கு நிலம் எடுப்பது 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் கீழ். அதற்கு 2013 சட்டத்தின் இழப்பீட்டு முறை பொருந்தும்; சமூகத் தாக்க மதிப்பீடு பொருந்தாது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த ஏற்பாட்டைச் செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டப்பேரவை அதற்குப் புத்துயிர் அளித்துச் சட்டம் இயற்றியது. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் சரியென ஏற்றுக்கொண்டது. அதாவது, விலையில் மாற்றம் வந்தது; முன்கூட்டிக் கேட்கும் முறை வரவில்லை.

கேட்பதன் அருமையை நமது வரலாறு சொல்கிறது. மஸ்ஜிதுந் நபவியை விரிவுபடுத்த அதனருகில் இருந்த அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு தேவைப்பட்டது. உமர் (ரலி) கேட்டார்கள். அப்பாஸ் (ரலி) மறுத்தார்கள். இருவரும் உபை பின் கஅப் (ரலி) அவர்களை நடுவராக ஏற்றார்கள். தீர்ப்பு கலீஃபாவுக்கு எதிராக அமைந்தது. அதன் பிறகே, உரிமை தம்முடையது என்பது உறுதியான பிறகே, அப்பாஸ் (ரலி) அந்த வீட்டை விலையின்றிப் பொதுமக்களுக்காகக் கொடுத்தார்கள். பள்ளிவாசலுக்கே இவ்வளவு பார்த்தார்கள் என்றால் அனல்மின் நிலையத்திற்கு எவ்வளவு பார்க்க வேண்டும்?

நீரின் கணக்கு

நெய்வேலி வட்டாரத்தில் ஒரு காலத்தில் இறைக்காமலேயே தானாகப் பொங்கி வழியும் ஊற்றுக் கிணறுகள் இருந்தன. இன்று நீருக்கு மிக ஆழம் செல்ல வேண்டியிருக்கிறது. இதற்குச் சுரங்கம் மட்டுமே காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. விவசாயிகளின் ஆழ்குழாய்க் கிணறுகளும் அதே நீரகத்திலிருந்து இறைக்கின்றன. ஆனால் விவசாயி நீர் தேவை என்பதற்காக எடுக்கிறார். சுரங்கம் நீர் இடையூறு என்பதற்காக எடுக்கிறது. இறைத்த நீரில் ஒரு பகுதி அனல்மின் நிலையங்களுக்கும் குடிநீருக்கும் பாசனத்திற்கும் பயன்படுகிறது. பரவனாற்றின் வழியே பெருமாள் ஏரிப் பாசனத்திற்கும் சுரங்க நீர் போய்ச் சேர்கிறது. அந்த ஏரிகளை நம்பிப் பயிரிடுவோர், சுரங்கம் மூடப்பட்டால் தண்ணீர் என்னவாகும் என்று அஞ்சுவதும் உண்டு. கரியின் முடிவு இவ்வாறும் ஒரு கேள்வியை எழுப்புகிறது.

சட்டத்தில் இதற்குத் தெளிவான இடம் இல்லை. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், நில உடைமையாளர் தம் நிலத்தின் கீழுள்ள நீரை எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. பெரிய இயந்திரம் வைத்திருப்பவருக்கே அச்சட்டம் சாதகம். தமிழகத்தில் 2003இல் நிலத்தடி நீருக்கென்று ஒரு சட்டம் வந்தது. 2013இல் அது நீக்கப்பட்டது. நீரின் தரத்தைப் பொறுத்தவரை, நெய்வேலியைச் சுற்றியுள்ள நீரில் பாதரசம் கலந்திருப்பதாகச் சுற்றுச்சூழல் அமைப்புகள் 2023இல் வெளியிட்ட ஆய்வை அடுத்து, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்ற கருத்தில் வந்துள்ள நபிமொழியை நாம் அறிவோம். நெய்வேலியில் இவற்றுள் இரண்டு ஒரே குழியிலிருந்து வருகின்றன.

கரி போய்ச் சூரியன் வந்தால்

முதல் அனல்மின் நிலையம், 600 மெகாவாட் திறனுடையது, ஏறக்குறைய 58 ஆண்டுகள் உழைத்து 2020இல் நிறுத்தப்பட்டது. அதற்கு ஈடாக, 1000 மெகாவாட் திறனில் புதிய நெய்வேலி அனல்மின் நிலையம் இயங்குகிறது. அதுவும் பழுப்பு நிலக்கரியால்தான். ஆக, சுரங்கம் நாளையே மூடப்படும் என்று எவரும் நம்ப வேண்டாம். அதே வேளையில் நெய்வேலியிலேயே 130 மெகாவாட் சூரிய மின் நிலையமும், தென் மாவட்டங்களில் பெரிய அளவில் சூரிய மின் நிலையங்களும் அந்நிறுவனம் அமைத்துள்ளது.

சூரிய ஒளிக்கு உரிமையாளர் இல்லை. ஆனால் தகடுகளைப் பரப்ப ஒரு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் நிலம் வேண்டும். கரிக்கென்று எடுத்த நிலத்தை நாளை வேறொன்றுக்குப் பயன்படுத்தினால் முன்னாள் உரிமையாளருக்கு ஏதேனும் உண்டா? 1997இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருமுறை கையகப்படுத்திய நிலத்தை வேறு பொதுநோக்கத்திற்குப் பயன்படுத்தினாலும் பழைய உரிமையாளர் திரும்பக் கேட்க முடியாது என்றது. 2013 சட்டத்தின் 101ஆம் பிரிவு, ஐந்தாண்டுகள் பயன்படுத்தாத நிலத்தை உரிமையாளருக்கோ அரசின் நில வங்கிக்கோ திருப்ப வேண்டும் என்கிறது. அந்த ‘அல்லது’ என்ற சொல்லில்தான் சிக்கல்; நில வங்கிக்குப் போனால் விவசாயிக்கு ஒன்றுமில்லை. அகீக் நிலத்தில் உமர் (ரலி) செய்தது இதனினும் தெளிவானது.

நெய்வேலியின் ராட்சதச் சக்கர மண்வாரிகள் ஜெர்மனியின் தொழில்நுட்பத்தில் வந்தவை. பழுப்பு நிலக்கரியில் உலகிற்கே முன்னோடியான அந்நாடு, 2038க்குள் கரியைக் கைவிடுவதற்கு 2020இல் சட்டம் இயற்றியது. கரியை நம்பிய வட்டாரங்களுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கவும், வயது முதிர்ந்த தொழிலாளருக்கு ஓய்வூதியம் தொடங்கும்வரை உதவித்தொகை வழங்கவும் வழிசெய்தது. அங்கும் எல்லாம் செம்மையாக நடக்கவில்லை. 2023 ஜனவரியில் லுட்செராத் என்னும் சிற்றூரைக் காவல்துறையை வைத்துக் காலி செய்தே தோண்டினார்கள். எனினும் மூடும் தேதியும் ஈட்டுத்தொகையும் எழுத்தில் இருந்தன. இந்தியாவில் அத்தகைய சட்டம் இன்னும் இல்லை. ஜார்கண்ட் மாநிலம் மட்டும் 2022இல் இதற்கெனப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. நெய்வேலியில் நிலம் கொடுத்த குடும்பங்களைச் சேர்ந்தோர் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்களாகவே இருக்கிறார்கள். சுரங்கம் சுருங்கினால் முதலில் வெளியேறுபவர்கள் அவர்களே.

கையில் உள்ளவை

இப்போதே கேட்டுப் பெறக்கூடியவை சில உண்டு. 2015இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டு, ராயல்டியோடு கூடுதலாக ஒரு பங்கை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் சுரங்க நிறுவனங்கள் செலுத்த வேண்டும் என்றாயிற்று. பழைய குத்தகைகளுக்கு அது ராயல்டியில் 30 விழுக்காடு. குடிநீர், மருத்துவம், கல்வி ஆகியவற்றிற்கு அதில் முன்னுரிமை. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களின் கிராம சபைகள் தங்கள் தேவைகளைத் தீர்மானமாக எழுதி அனுப்பலாம். ஜமாஅத் நிர்வாகிகள் கிராம சபைக்குச் செல்வதை மார்க்கத்திற்கு வெளியே உள்ள காரியமாக எண்ண வேண்டியதில்லை.

காவிரிப் படுகையைப் பொறுத்தவரை, 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஒன்றியங்களையும் உள்ளடக்கியது. லால்பேட்டையிலும் பரங்கிப்பேட்டையிலும் வாழ்வோர் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2023 ஏப்ரலில் சேத்தியாத்தோப்புக் கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய பழுப்பு நிலக்கரிப் பகுதிகள் ஏலப் பட்டியலில் வந்தபோது, தமிழக அரசும் விவசாயிகளும் எதிர்த்த சில நாள்களிலேயே அவை நீக்கப்பட்டன. நெய்வேலிக்கு அத்தகைய பாதுகாப்பு வாய்க்கவில்லை.

இறுதியாக, நம் வீட்டுக்குள்ளேயே உள்ள ஒன்று. கையகப்படுத்தப்படும் நிலத்தின் பட்டா பெரும்பாலும் மறைந்த தந்தையின் பெயரிலோ மூத்த ஆண்மகனின் பெயரிலோ இருக்கும். இழப்பீட்டுக் காசோலை அவர் கைக்கு வரும். நிலமாக இருந்தவரை பிரிக்காமல் கிடந்த சொத்து, பணமானதும் ஆண்மக்களுக்குள்ளேயே பங்காகிவிடுகிறது. கட்டிக்கொடுத்த பெண்மக்களுக்குச் செய்தி போவதில்லை. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கியிருந்தது உண்மை. ஆனால் சென்னை மாகாணம் 1949ஆம் ஆண்டின் 18ஆம் சட்டத்தின் வழியே விவசாய நிலத்தையும் அதில் சேர்த்துவிட்டது. ஆகவே நிலத்தில் மகளுக்கும் மனைவிக்கும் தாய்க்கும் உள்ள ஃபராயிள் பங்கு, அந்நிலத்துக்கு ஈடாக வந்த தொகையிலும் அப்படியே உண்டு. வாரிசுச் சான்றிதழில் அவர்கள் பெயர் இடம்பெற வேண்டும். தீர்வ விசாரணைக்கு நில எடுப்பு வட்டாட்சியர் அனுப்பும் அறிவிப்பு அவர்களுக்கும் சென்று சேர வேண்டும்.